அத்தியாயம் 7: நான்காம் பாகத்துக் கள்ளன்

மூன்று பாகங்களை எழுதி முடித்தவருக்கும் நான்காம் பாகத்தின் முதல் பக்கத்தில் கை தயங்கும். காரணம் இருக்கிறது. உங்கள் கள்ளன் இதற்குள் வாசகர் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். எப்போது சிரிப்பான், எந்தக் காவலாளை எப்படிப் பேசி மயக்குவான், எந்த நேரத்தில் சுவரேறுவான் என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம். முதல் பாகத்தில் “மாட்டிக்கொள்வானோ?” என்று பதறிய வாசகர், இப்போது “எப்படியும் தப்பிவிடுவான்” என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த நிம்மதியைக் கெடுப்பதுதான் பின்பாகம் எழுதுகிறவரின் முதல் வேலை.

இந்த நூலில் நாம் கட்டிவரும் மாதிரித் தொடரையே இங்கும் எடுத்துக்கொள்வோம். காலம் 1760-கள். களம் வாசுதேவநல்லூர். மேற்கே மலை, ஊரில் பாளையக்காரர் பூலித்தேவரின் மண்கோட்டை, கிழக்கே நெற்கட்டும்செவல். நாயகன் பாளையங்களுக்கு நடுவில் பிழைக்கும் ஒரு களவாணி. கொஞ்சம் மந்திரம் தெரியும், அதைவிட நன்றாகப் பேசத் தெரியும். முதல் பாகத்தில் ஒரு பாளையத்துப் பெட்டகம், இரண்டாம் பாகத்தில் ஆங்கிலேயக் கும்பினியின் சம்பளப் பணம், மூன்றாம் பாகத்தில் மலைக்குகையில் ஒரு சித்தர் காத்துவந்த மணி. மூன்றும் அவன் கைக்கு வந்துவிட்டன. இனி என்ன?

பொருளைப் பெரிதாக்காதீர்கள், அவனிடமிருந்து எடுங்கள்

பெரும்பாலான தொடர்கள் சரிவது இந்த இடத்தில்தான். மோதிரம் போய் மகுடம், மகுடம் போய் உலகத்தையே ஆளும் கல் என்று திருடும் பொருள் வளர்ந்துகொண்டே போகும். பொருள் வளர வளரக் கள்ளன் சிறுத்துப்போவான். நான் சொல்லும் வழி இதற்கு நேர் எதிரானது. அவன் எதைக் கொண்டு திருடுகிறானோ அதை அவனிடமிருந்து பறித்துவிடுங்கள்.

அமெரிக்க எழுத்தாளர் மீகன் வேலன் டர்னரின் கள்ளன் தொடர் இதற்கு நல்ல பாடம். 1996-இல் வந்த முதல் நூலில் யூஜெனிடிஸ் என்ற இளைஞன் தன் கதையைத் தானே சொல்கிறான். வாசகரிடமே சிலவற்றை மறைத்துக்கொண்டு சொல்கிறான். அதில்தான் அவன் வசீகரம். 2000-இல் வந்த இரண்டாம் நூலின் தொடக்கத்திலேயே அவன் பிடிபடுகிறான். எதிரி நாட்டு ராணி அவன் வலது கையை வெட்டச் சொல்கிறாள், வெட்டிவிடுகிறார்கள். மந்திரத்தாலும் மருந்தாலும் அந்தக் கை திரும்பி வருவதில்லை. தொடர் 2020 வரை ஆறு நூல்களாக நீண்டது. கடைசிவரை அவன் ஒற்றைக் கையன்தான். ஆனால் கையை இழந்த பிறகு அவன் கவர்வது ஒரு நாட்டை. கதை சொல்லும் குரலும் அந்த இரண்டாம் நூலிலேயே அவனைவிட்டு விலகி, வெளியிலிருந்து அவனைப் பார்க்கத் தொடங்குகிறது. பின்பாகம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு மாற்றங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பைவிட உரிமைதான் அதிகம் தோன்றியது. கள்ளனின் அங்கத்தை எடுத்து அவன் கதையைத் தொடங்குவது நம் மேடையில் முந்நூறு ஆண்டுக்கு முன்பே நடந்தது. நொண்டி நாடகங்களைச் சொல்கிறேன். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று ஒரு வரிசையே இருக்கிறது. எல்லாவற்றிலும் நாயகன் ஒரு கள்ளன். ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு மேடைக்கு வருவான், தன் கதையைத் தானே பாடுவான். தாசியிடம் மயங்கியது, கைப்பொருள் இழந்தது, அவளுக்காகக் குதிரை திருடப் போனது, அகப்பட்டு அங்கம் வெட்டுப்பட்டது, கடைசியில் இறையருளால் கால் வளர்ந்தது. சீதக்காதி நாடகத்தில் அவனைக் கைதூக்கி விடுபவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அந்தக் கள்ளன் மக்காவுக்குப் போய்க் குணமடைகிறான். இந்த நாடகங்களின் நடைதான் நொண்டிச் சிந்து. பாரதி பாஞ்சாலி சபதத்துக்கு எடுத்துக்கொண்டதும் அந்தச் சிந்தைத்தான்.

பார்வையாளர்கள் அந்தக் கள்ளனை ஏன் நேசித்தார்கள் என்று யோசியுங்கள். அவன் இழந்தது முதல் காட்சியிலேயே கண்முன் நிற்கிறது. அவன் எவ்வளவு அளந்தாலும், எவ்வளவு கிண்டல் பேசினாலும் அந்த ஒற்றைக் கால் அவனுக்குச் சாட்சி.

வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலேயே இன்னொரு குதிரையும் இன்னொரு வெட்டுப்பட்ட கையும் இருக்கின்றன. பூலித்தேவரின் படைத்தளபதி ஒண்டிவீரனைப் பற்றி இந்த வட்டாரத்தில் வழங்கும் வாய்மொழிக் கதை அது. தென்மலையில் எதிரிப்படை பாசறை இறங்கியிருக்கிறது. ஒண்டிவீரன் தன்னந்தனியாக மாறுவேடத்தில் உள்ளே போகிறார். பட்டத்துக் குதிரையையும் வாளையும் கவர்ந்துவர வேண்டும். குதிரை மிரண்டு சத்தம் எழும்ப, அவர் தீவனப் புல்லுக்குள் மறைகிறார். ஓடிவந்த ஆள் குதிரையைக் கட்ட முளையை அடிக்கிறான். முளை புல்லுக்குள் இருந்த கையைத் துளைத்து இறங்குகிறது. அவர் மூச்சுக் காட்டவில்லை. பாசறை உறங்கிய பின் தன் கையைத் தானே வெட்டிவிட்டுக் குதிரையோடு வெளியேறுகிறார். போகும்முன் பீரங்கிகளின் வாயைப் பாசறைப் பக்கமே திருப்பி வைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

நொண்டி நாடகத்தில் கையும் காலும் போவது தண்டனையாக. ஒண்டிவீரன் கதையில் கை போவது அவரே எடுத்த முடிவால். இந்த வேற்றுமைதான் உங்கள் நான்காம் பாகத்தின் அச்சு. முதல் மூன்று பாகங்களில் கள்ளனுக்கு நேர்வதெல்லாம் பிறர் செய்வது. நான்காம் பாகத்தில் இழப்பை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒண்டிவீரனை உங்கள் கதையில் கள்ளன் என்று எழுதாதீர்கள். எதிரியின் ஆநிரையைக் கவர்வது போரின் தொடக்கம் என்று தொல்காப்பியமே வெட்சித் திணையில் வகுத்திருக்கிறது. அவர் செய்ததும் அதுபோன்ற போர்ச்செயல்தான். அருந்ததியர் மக்கள் தங்கள் முன்னோராகப் போற்றும் வீரர் அவர். ஆகஸ்ட் 20 அவர் நினைவு நாள். 2022-இல் அதே நாளில் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. கதையின் அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆளை எடுத்து ஆடவிடாதீர்கள்.

எதை எடுப்பது?

நம் மாதிரிக் கள்ளனுக்குக் கை முக்கியமில்லை. மூன்று பாகமும் அவனைக் காப்பாற்றியது வாய். ஆகவே நான்காம் பாகத்தில் நான் எடுப்பது அவன் பேச்சு.

களம் 1767. கும்பினித் தளபதி டொனால்ட் காம்ப்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறார். ஆறு ஆண்டு முன் 1761-இல் கும்பினிக்காக யூசுப்கான் பிடித்து, மறுபடி பூலித்தேவர் வசம் வந்த கோட்டை. மண்சுவர் என்று இளப்பமாக நினைத்து வந்தவர்களுக்கு அந்த மண்ணே பெரிய தடையாக நின்றது. குண்டு உடைத்த வாய்களை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் ஈரக் களிமண்ணும் திணித்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த இடத்தில் உங்கள் கள்ளனை உள்ளே நிறுத்துங்கள். அவனுக்குச் சுவரில் கன்னம் வைக்கத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சுவரில் ஓட்டை போட்டவன், இப்போது இரவெல்லாம் ஓட்டை அடைக்கிறான். கோட்டைக்குள் இருக்கும் பிள்ளைகளை மலைப்பக்கம் கடத்திவிட அவனிடம் ஒரே ஒரு மறைப்பு மந்திரம் இருக்கிறது. அதற்கு விலை அவன் குரல். விலை என்னவென்று தெரிந்தே அவன் சொல்கிறான். அதற்குப்பின் புத்தகம் முடியும்வரை அவன் வாய் திறப்பதில்லை.

எழுதுகிறவருக்கு இது கடினம், ஒப்புக்கொள்கிறேன். வசீகரம் முழுவதும் பேச்சில் இருந்த ஆளைப் பேசாமல் வசீகரமாகக் காட்டவேண்டும். வழி இருக்கிறது. பிறரைப் பேசவிடுங்கள். அவன் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்கிறவனிடம் மனிதர்கள் எதையும் கொட்டிவிடுவார்கள். கீழே ஒரு காட்சித் துண்டு:

“என்ன வே, ஒண்ணும் பேச மாட்டேங்கீரு?” காவல்காரர் திண்ணையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் சிரித்தான். வெற்றிலைப் பையை நகர்த்தி வைத்தான்.

“நல்லதுதாம். பேசுதவனத்தாம் நம்பக் கூடாது. நாலு வருசத்துக்கு முன்ன ஒருத்தன் வந்தாம், அண்ணாச்சி அண்ணாச்சின்னு. எம்புட்டுப் பேச்சு! விடிஞ்சு பாத்தா பெட்டி இல்ல.”

அவன் பாக்கை வெட்டிக் கொடுத்தான்.

“அந்தப் பெட்டிக்கு நாந்தாம் வே ஈடு கட்டுனேன். பொண்டாட்டி தாலிய வித்து.”

கள்ளன் அடுத்து வெட்டிய பாக்கு கையிலேயே இருந்தது.

முதல் பாகத்தில் வாசகர் கைதட்டி ரசித்த களவின் பாக்கி இங்கே வந்து நிற்கிறது. பேச்சு இருந்திருந்தால் அவன் இதையும் சிரித்து மழுப்பியிருப்பான்.

பேச்சுமொழியில் கவனம் வேண்டும். ‘வே’ என்பது ஒத்த வயது ஆண்களுக்கிடையே வரும். ‘ஏல’ இளையவனிடமும் நெருங்கிய சேக்காளியிடமும். மூத்தவரை, கடைக்காரரை, முகம் தெரியாத மரியாதைக்குரியவரை ‘அண்ணாச்சி’. வயதான பெண்ணை ‘ஆச்சி’. அண்ணன் மனைவி ‘மதினி’. கள்ளன் யாரை எப்படி அழைக்கிறான் என்பதை வைத்தே அவன் என்ன வேடம் போட்டிருக்கிறான் என்று வாசகருக்குத் தெரியவேண்டும். மதுரைப் பேச்சையும் சென்னைப் பேச்சையும் இதில் கலந்துவிட்டால் வாசுதேவநல்லூர் வாசகர் இரண்டாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

ஈடு கட்டுகிறவர் யார்?

மேலே காவல்காரர் ஈடு கட்டினார் என்று எழுதியதை நான் கற்பனையில் பிடிக்கவில்லை. பாளையக்காரர் காலத்துக் காவல் முறையே அப்படித்தான் இருந்தது. ஊரார் காவல்கூலி கொடுப்பார்கள். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் இழப்பை ஈடுசெய்யவேண்டும். களவு போன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்வதற்குத் துப்புக்கூலி என்று ஒரு கூலியும் உண்டு. கற்பனை உலகம் கட்டுகிறவருக்கு இதைவிடச் செழிப்பான ஏற்பாடு கிடைக்காது. ஒவ்வொரு களவும் முகம் தெரிந்த ஒருவர் தலையில் விழுகிறது. முதல் பாகம் முதல் யார் யார் ஈடு கட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நான்காம் பாகத்தில் அவர்களில் மூன்று பேராவது கதைக்குள் வரவேண்டும்.

சாதியின் பேரால் எழுதும் கள்ளனைத் தவிர்த்துவிடுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்து, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் பல சமூகங்களைப் பிறப்பாலேயே திருடர் என்று எழுதிவைத்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். இங்கே அந்தச் சட்டம் நீங்க 1947 ஆயிற்று. உங்கள் கள்ளன் தனி மனிதன். அவன் கைத்திறமை அவனே கற்றது. இதில் எழுதுகிறவர் சறுக்கினால் மன்னிக்க நான் தயாராக இல்லை.

மந்திரத்துக்கு எல்லை

கள்ளனின் மாயவித்தைக்கு வெளிநாட்டு நூல்களைத் தேடவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வர்களின் துணைகள் எட்டு என்று அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, சகுனம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் சொல்கிறான். பிறகு ஒரு கதை சொல்கிறான். ஒரு கள்வன் பகலில் தூதன் கோலத்தில் அரண்மனை வாயிலில் இருந்து, இரவில் பெண்கோலத்தில் உள்ளே நுழைந்து, இளவரசன் மார்பிலிருந்து ஆரத்தை எடுக்கிறான். விழித்த இளவரசன் வாளை உருவி வீச, வீசும் ஒவ்வொரு முறையும் கள்வன் கையிலிருந்த உறையிலேயே வாள் போய்ச் செருகிக்கொள்கிறது. மற்போருக்குப் பாய்ந்தவனைத் தூணோடு கட்டிப் புரளவிட்டுக் கள்வன் மறைகிறான்.

தமிழில் இதைவிட அழகான மாயக்கள்ளன் காட்சியை நான் படித்ததில்லை. ஆனால் அதைச் சொல்கிறவன் யார், எதற்குச் சொல்கிறான் என்று பாருங்கள். சிலம்பைத் திருடியவனே சொல்கிறான், குற்றமற்ற கோவலனைக் கொல்வதற்காக. காவலர் தயங்கி நிற்கும்போது அவர்கள் தயக்கத்தை உடைப்பது அந்தக் கதைதான். வசீகரமான கள்ளன் கதைக்கு ஓர் உயிரைக் குடிக்கும் வலிமையும் உண்டென்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. நான்காம் பாகத்தில் உங்கள் கள்ளனின் புகழைக் கொண்டு வேறொருவன் திருடட்டும், வேறோர் அப்பாவி அகப்படட்டும். இதை வைத்து ஒரு முழுப் பாகமே நடக்கும்.

எட்டுத் துணைகளையும் ஒரே புத்தகத்தில் இறக்கிவிடாதீர்கள். ஒரு பாகத்துக்கு இரண்டு போதும். நம் தொடரின் நான்காம் பாகத்துக்கு நான் எடுப்பது இடமும் காலமும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது இந்தப் பக்கமும் மலைக்காற்றும் தூறலும் எட்டிப் பார்க்கும். நனைந்த மண்சுவர் கன்னக்கோலுக்குச் சத்தமில்லாமல் இளகும். காலடி ஓசையைக் காற்று விழுங்கும். ஒளிய இடம் வேண்டுமா, ஊர்க் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சிந்தாமணிநாதர் கோயிலில் மூலவரே அர்த்தநாரீசுவரர், தலமரம் புளி. புளியமரத்தில் பேய் உண்டென்று இரவில் யாரும் அருகே வரமாட்டார்கள். அந்தப் பயமே அவனுக்குக் கூரை.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்

ஆங்கில எழுத்தாளர் ஹோர்னுங் தன் கனவான் திருடன் ராஃபிள்ஸை 1899-இல் புத்தகமாக்கி, 1901-இல் வந்த இரண்டாம் நூலில் போர்க்களத்தில் சாகடித்தார். வாசகர் விடவில்லை. 1905-இல் பழைய களவுகளை நினைவுகூர்வதாக மூன்றாம் நூல் வந்தது. இறந்தவனின் பழங்கதையில் ஆபத்தே இல்லை என்பதால் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நமக்குப் பக்கத்துச் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் 1984-இல் அறிமுகப்படுத்திய ஸ்பைடரை எண்பதுகளில் வளர்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1965-இல் பிரிட்டனில் பிறந்தபோது அவன் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக ஆசைப்பட்டவன். பிற்பாகங்களில் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் அவன் கதைகளில் பெரும்பகுதியை எழுதினார். கள்ளனை நல்லவனாக்குவது எளிய வழி. ஆனால் அந்தத் திமிரும் ஆணவமும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் ஸ்பைடர் பிழைத்தான். உங்கள் கள்ளன் திருந்தினாலும் அவன் சிரிப்பைத் திருத்தாதீர்கள்.

நாமக்கல் கவிஞரின் மலைக்கள்ளன் வேறு ரகம். 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்தது. மலையில் கள்ளன், ஊரில் வணிகர் அப்துல் ரகீம் என்று ஒருவனே இருவராக வாழ்வான். உண்மை வெளிப்பட்டதும் கதை முடிந்துவிடும், பின்பாகத்துக்கு இடமில்லை. இரட்டை வாழ்க்கையை வைத்துத் தொடர் எழுதுகிறவர்கள் அந்த முடிச்சை நான்காம் பாகத்துக்கு முன் அவிழ்க்கக் கூடாது.

முன்கதையும் முடிவும்

புதிதாக வருகிற வாசகருக்கு முன்கதையைச் சுருக்கி முதல் அத்தியாயத்தில் கொட்டாதீர்கள். களவு போனவர்கள் வாயால் வரட்டும். ஒவ்வொருவரும் கொஞ்சம் மாற்றிச் சொல்லட்டும். பழைய வாசகர் வித்தியாசத்தைக் கண்டு மகிழ்வார், புதியவர் கதையைப் பிடித்துக்கொள்வார்.

முடிவில் குரலைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நொண்டி நாடகத்தில் கால் வளர்வது தெய்வத்தின் அருளைப் பாட, அது அந்த நாடகத்தின் நோக்கம். தொடரில் அப்படிச் செய்தால் வாசகர் உங்களை அடுத்த பாகத்தில் நம்பமாட்டார். கோட்டை விழுந்ததும் பூலித்தேவர் தப்பினார். பிறகு சங்கரன்கோவில் கோயிலுக்குள் சோதியாக மறைந்தார் என்று மக்கள் நம்புகிறார்கள். அந்தக் கோயிலில் அவர் பேரில் ஓர் அறையும் இருக்கிறது. உங்கள் கள்ளனும் ஐந்தாம் பாகத்துக்கு அந்தத் திசையில் நடக்கலாம்.

எழுதத் தொடங்கும்முன் ஒருமுறை வாசுதேவநல்லூருக்குப் போய்வாருங்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் நடுவில் இறங்கவேண்டும். நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது. அங்குள்ள பெரியவர்களிடம் ஒண்டிவீரன் கதையைக் கேளுங்கள். ஒவ்வொருவர் சொல்வதையும் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் அச்சானதும் இரண்டு பிரதிகளை அந்த ஊர் நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். முதலில் படிக்கவேண்டியவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள்.